தன் முறையைக் கொடுத்துவிடும் அக்கா

தன்னுடைய முறை வரும்போதெல்லாம் அதைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்துவிடுகிற ஒருவரை நல்லவர் என்பதா, பயந்தவர் என்பதா? மூன்று குளிர்காலங்களாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. சில நாட்களில் பதில் கிடைத்துவிட்டதுபோல இருக்கும். மறுநாள் மகளுக்குத் தலை வாரிவிடும்போது அது பதிலே இல்லை என்று தோன்றும்.

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஸ்காபரோவில் பாதிப்பேர் அன்ரியிடம் போய்ச் சொல்லிவிடுவார்கள். அன்ரி என்பது அக்காவின் அம்மா. மோர்னிங்சைட்டில் அவருடைய வீட்டு பேஸ்மென்ட்டில் நானும் கணவரும் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தோம். மகள் பிறந்ததும் அங்கே இருக்கும்போதுதான்.

அக்கா கனடா இராணுவத்தில் சமையல்காரி. முந்நூறு பேருக்கு ஒரே நேரத்தில் முட்டை பொரிக்கிற வேலை. விடுமுறைக்கு வருவார், இரண்டு வாரம் நிற்பார், போய்விடுவார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நான் அவரோடு பழகியது நாலைந்து மாதம்கூட வராது. ஆனாலும் வருடக்கணக்காகப் பழகிய பலரைவிட அவரைத்தான் அடிக்கடி நினைக்கிறேன்.

உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அது எங்கள் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டாரின் முறை. அக்கா தன் பச்சை உடுப்புகளை அள்ளிக்கொண்டு படியிறங்கி வருவார். என் கையில் பிள்ளையின் துணிக்கூடையைக் கண்டதும் நின்றுவிடுவார்.

"நீர் போடும்."

"இல்லை அக்கா, இண்டைக்கு உங்கட முறை."

"என்ர முறைதானே? அப்ப நான் ஆருக்கும் குடுக்கலாம்."

சொல்லிவிட்டு உடுப்பை ஒரு கறுப்புப் பையில் போட்டுக் கட்டி, உறைகிற குளிரில் பிளாசாவில் இருக்கும் காசு போட்டுத் தோய்க்கிற கடைக்கு நடப்பார். எங்கள் ஜன்னல் நிலமட்டத்தில் இருந்ததால் அவருடைய சப்பாத்துகள் மட்டும் தெரியும். அவை பனியில் புதைந்து புதைந்து போவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் பிள்ளையின் துணி அன்றைக்கே தோய்ந்துவிடும். அந்த நிம்மதியை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

கார் ஓட்டும்போதும் இதே கதைதான். நாலு பக்கமும் நிறுத்தற் பலகை உள்ள சந்திகளில் முதலில் வந்தவர் முதலில் போகலாம். அக்கா யார் வந்தாலும் கையைக் காட்டுவார். ஒருநாள் அவருடைய காருக்குப் பின்னால் எங்கள் கார் நின்றது. ஐந்து கார்கள் போய்விட்டன. ஆறாவதாக ஒரு பாடசாலை பஸ். என் கணவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"உவ ஆமியில இருக்கிறாவோ, ட்ரபிக் பொலிசில இருக்கிறாவோ?"

அதற்குப் பிறகு நான் எதற்காவது தயங்கினால், அது கடையில் பால்மா தெரிவுசெய்வதாக இருந்தாலும், "இஞ்சரும், சந்தியில நிக்காதையும்" என்பார் கணவர். நானும் அதிகம் தயங்குகிறவள்தான். ஆனால் நான் தயங்குவது எது சரி என்று தெரியாததால். அக்கா தயங்கியதே இல்லை. கொடுப்பதற்கு அவருடைய கை தானாக எழும்பும்.

ஒருமுறை மேலே அடுப்படியில் பூசணிக்காய் வெட்டும்போது இடதுகை விரலை ஆழமாக வெட்டிக்கொண்டார். நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விரலில் சுற்றிய துவாயில் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. முதல் முறையை இருமிக்கொண்டிருந்த ஒரு வயோதிபருக்குக் கொடுத்தார். சரி என்று இருந்தேன். அடுத்ததைக் காய்ச்சல்காரப் பிள்ளையோடு வந்த ஒரு தாய்க்குக் கொடுத்தார். அதுவும் சரி. மூன்றாவதை நல்ல திடகாத்திரமான ஓர் ஆணுக்குக் கொடுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அவருக்கு என்ன வருத்தமாம் அக்கா?"

"வருத்தமொண்டுமில்லை. வேலைக்குப் பிந்துதாம்."

கடைசியில் கிளினிக்கைப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, இணையத்தில் படித்துப் படித்து, தையல் போடவேண்டிய காயத்துக்கு நானே மருந்து போட்டுக் கட்டினேன். விரல் கொஞ்சம் கோணலாக ஆறியது. அதை நிமிர்த்திக் காட்டி, "இது உம்மட தையல்" என்று சிரிப்பார்.

இங்கே அன்ரியைப் பற்றிச் சொல்லவேண்டும். அன்ரி அப்போது மூன்று வருடமாக மகளோடு நேராகக் கதைத்திருக்கவில்லை. அன்ரியின் தமையனை யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச்சாவடியில் ஆமி பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. இராணுவம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அன்ரிக்கு அது ஆமிதான். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னாராம். அன்று அன்ரி மகளைப் பார்த்துச் சொன்ன கடைசி வசனம், "என்ர வீட்டுக் கொடியில ஆமி உடுப்புக் காயக்கூடாது." 

அதற்குப் பிறகு விடுமுறைக்கு வருகிற மகளுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுவார். ஆனால் பேச்சு என் வழியாகத்தான் போகும். மூவரும் ஒரே மேசையில் இருப்போம்.

"கேள் பிள்ளை அவளை, சோறு காணுமோ எண்டு."

"காணும் எண்டு அம்மாட்டைச் சொல்லும்."

"இப்பிடிச் சாப்பிட்டா முந்நூறு பேருக்கு எப்பிடி அகப்பை பிடிக்கிறது எண்டு கேள்."

நான் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டு இருப்பேன். சில வேளைகளில் என்னுடைய சோறு ஆறிவிடும்.

அக்காவுடைய குணத்தில் எனக்கு முதலில் கலக்கம் வந்தது ஒரு மீன் விஷயத்தில். ஜெர்மனியிலிருந்து வரும் மச்சாளுக்காக அன்ரி கடையில் ஒரு அறக்குளா மீன் சொல்லிவைத்திருந்தார். எடுத்துவர அக்கா போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். வரிசையில் அடுத்து நின்ற பெண்ணுக்கு மீன் கிடைக்கவில்லையாம். அவருடைய மகன் முதல்முறையாகத் தான் விரும்பிய பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவருகிறானாம். கொடுத்துவிட்டார்.

அன்ரி கரண்டியைக் கீழே வைத்தார். கோபத்திலும் என்னைப் பார்த்தே சொன்னார்.

"கேள் அவளை. வரிசை அவளின்ர, குடுக்கட்டும். மீன் ஆரின்ர?"

அக்கா உறைபெட்டியைத் திறந்து கோழியை எடுத்துத் தண்ணீரில் போட்டார். அந்தக் கோழிக்கறி அருமையாக இருந்தது என்று ஜெர்மனி மச்சாள் இன்றைக்கும் சொல்கிறாராம். ஆனாலும் மீன் அன்ரியுடையதுதான்.

அக்கா படைப்பணிக்காக ஐரோப்பாவுக்குப் புறப்படுவதற்கு முதல் வாரம், இராணுவத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது என்று எனக்குச் சொன்னார். கிறிஸ்மஸ் விருந்தன்றைக்குப் பெரிய அதிகாரிகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு பரிமாறுவார்களாம். ஆகக் கீழ்ப்படியில் இருக்கிறவர்கள் இருந்து சாப்பிடுவார்களாம். சமைக்கிறவர்களையும் அன்றைக்கு இருத்திப் பரிமாறுவார்களாம். அன்ரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது இங்கேதான் இருந்தது.

"ஆமியில பெரியவன் சின்னவனுக்குச் சோறு போடுறானாமோ? கேள் பிள்ளை, உது எந்த ஊர் ஆமி எண்டு."

அந்த வருடக் கிறிஸ்மஸ் நாள். கணவர் வேலைக்குப் போய்விட்டார். மகளுக்கு ஐந்து மாதம். காலை எட்டேகால் இருக்கும், அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே பிற்பகல்.

"சத்தம் போடாதையும். தலைவர் வந்து நிக்கிறார். ஒருத்தருக்கும் முதல் தெரியாது. எல்லாருக்கும் தானே சாப்பாடு போடுறார். ஒராளின்ர வீட்டுக்கு அவர் போன் எடுத்துக் கதைப்பாராம். சீட்டுக் குலுக்கினவை. என்ர பேர் வந்திட்டுது. அம்மாவின்ர நம்பர் குடுத்திருக்கிறன். அவவின்ர போனைச் சார்ஜில போட்டுவிடும். வேறொண்டும் சொல்லாதையும்."

தலைவர் என்றால் நாட்டின் தலைவர். செய்தியைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன். 

சொல்லாதையும் என்று சொன்னதைச் சொல்வது பிழை. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்ரி தெரியாத இலக்கங்களை எடுக்கமாட்டார். தப்பித்தவறி எடுத்தாலும் ஏசுவார். வரிக் கந்தோரிலிருந்து எடுக்கிறோம் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி வானொலியில் கேட்டுக் கேட்டு, ஒருமுறை மெய்யாகவே எடுத்த பல் வைத்தியரின் உதவியாளரைக் "கள்ளி" என்று ஏசிப் போனை வைத்தவர். நாட்டுத் தலைவரை, முழுப் படையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அன்ரி கள்ளன் என்று ஏசினால்? படியில் ஏறினேன், இறங்கினேன், திரும்ப ஏறினேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அன்ரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன? தலைவர் எடுத்தா என்ன, தளபதி எடுத்தா என்ன."

நான் கீழே வந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மேலே அலுமாரி திறக்கும் சத்தம். பிறகு என்னைக் கூப்பிட்டார். வீட்டுச் சட்டையை மாற்றிச் சேலை கட்டியிருந்தார். பொட்டு வைத்திருந்தார். தொலைபேசி மேசையில், துடைத்த கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது.

"அவரை என்னெண்டு கூப்பிடுறது பிள்ளை? சேரோ, மிஸ்டரோ?"

"சேர் எண்டா காணும் அன்ரி."

"தாங்க்யூ சேர். மை டோட்டர் இஸ் குட் கேர்ள்." இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "குட் கேர்ள் எண்டு சொல்லலாம்தானே? நான் அவளோட கதைக்கிறேல்லை எண்டு அவருக்குத் தெரியாதுதானே?" என்றார்.

"தெரியாது அன்ரி."

இடையில் ஒருதரம் மணி அடித்தது. அன்ரியின் தங்கை, வாழ்த்துச் சொல்ல எடுத்திருக்கிறார். "லைனை மறிக்காதை, பேந்து எடு" என்று வைத்துவிட்டார்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் எனக்கு அடுத்த செய்தி வந்தது.

"கோப்ரல் ஒருத்தருக்குக் குடுத்திட்டன். அவரின்ர மனிசிக்குப் பிள்ளை பிறந்து நாலு நாள். அம்மாட்டை ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை" என்று எழுதினேன். அது முதல் பொய். பேஸ்மென்ட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு மணிவரை எனக்கு மேலே போகத் துணிவு வரவில்லை. போனபோது அன்ரி அதே கதிரையில், அதே நிமிர்வோடு இருந்தார்.

"நேரம் முடிஞ்சிட்டுதாம் அன்ரி. தலைவர் பிளேனுக்குப் போட்டாராம்."

அது இரண்டாவது.

அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். "ஓ" என்றார். சேலையை மாற்றப் போகவில்லை. துருவின தேங்காயை எடுத்துப் பாலைப் பிழியத் தொடங்கினார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அக்காமீது எனக்குக் கோபம் வந்தது. அப்போதுதான் முதல்முறை வந்தது. பிறகு, சொன்னவள் நான்தானே, சொல்லாமல் இருந்திருந்தால் அன்ரி இப்படிக் காத்திருந்திருக்கமாட்டாரே என்று கோபம் என்பக்கம் திரும்பியது.

மத்தியானச் செய்தியில் காட்டினார்கள். தலைவர் ஏப்ரனோடு நிற்கிறார். கையில் பெரிய கரண்டி. முதலில் அந்தக் கோப்ரல், தொலைபேசித் திரையில் ஒரு சுருண்ட குழந்தை, எல்லோரும் கை தட்டுகிறார்கள். நல்லகாலம், அன்ரி அப்போது கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் அதைக் காணவில்லை. அதற்கு அடுத்தது ஐந்து விநாடிதான் இருக்கும். நீள மேசையில் சமையற்காரர்கள் வெள்ளைத் தொப்பியோடு இருக்கிறார்கள். தலைவர் ஒருவரின் தட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைக்கிறார். தட்டுக்காரி "தாங்க்யூ" என்று சிரித்துவிட்டு, தட்டைத் தூக்கி அப்படியே பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு நகர்த்திவிடுகிறார். தலைவர் கரண்டியோடு திகைத்து நிற்க மேசை முழுக்கச் சிரிக்கிறது.

அக்கா.

"பார், பார்! குடுத்திட்டாள்! நாட்டுத் தலைவர் போட்ட சாப்பாடு, அதையும் குடுத்திட்டாள், விசரி!" அன்ரி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். ஏசுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"உன்ர போனைத் தா. என்ரையில அவளின்ர நம்பர் இல்லை. அழிச்சிட்டன்."

நான் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டுக் கொடுத்தேன். அங்கே பாத்திரங்கள் மோதும் சத்தம்.

"சொல்லும், என்ன? அம்மா ஓகேயோ?"

"நான்தான்" என்றார் அன்ரி.

பாத்திரச் சத்தம் நின்றது. நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உந்தத் தொப்பி உனக்குப் பெரிசு."

"எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் அம்மா."

"அவர் போட்டதை ஏன் பக்கத்துப் பெட்டைக்குக் குடுத்தனி?"

"அவள் விடியத் துவக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை."

"நீ?"

பாத்திரங்கள் திரும்ப மோதத் தொடங்கின.

"நீ சாப்பிட்டனியோ எண்டு கேக்கிறன்."

"இனித்தான் அம்மா. சட்டியள் கழுவி முடிய..."

"சட்டி கிடக்கட்டும். ஒரு கோப்பையில போட்டுக்கொண்டு வந்து இரு. நான் லைனில நிக்கிறன். நீ சாப்பிட்டு முடியத்தான் வைப்பன்."

வைக்கவில்லை. இருபது நிமிடம் அன்ரி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முள்ளுக்கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது. இடைக்கிடை மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. "உப்புக் காணுமோ?" என்று ஒருமுறை கேட்டார். "நான்தான் சமைச்சது அம்மா" என்றார் அக்கா. "அதாலதான் கேட்டனான்."

அன்றிலிருந்து அவர்களுக்கு நடுவில் நான் தேவைப்படவில்லை. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. 

அடுத்த கோடையில் அக்கா வந்தபோது, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் வைத்துக் கேட்டேன். ஏன் அந்த அழைப்பைக் கொடுத்தீர்கள்? அவர் ஒரு காலுறைக்குச் சோடி தேடிக்கொண்டே சொன்னார்.

"அம்மா போனை வைச்சிட்டாவெண்டா? அவ்வளவு பேரும் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். கோப்ரலின்ர மனிசி வைக்கமாட்டா எண்டு வடிவாத் தெரியும்." பிறகு சிரித்து, "பிள்ளை பிறந்ததும் உண்மைதான், தங்கச்சி" என்றார்.

கிளினிக்கில் கொடுத்ததும், சந்தியில் கொடுத்ததும் இப்படித்தானா? அல்லது அந்த ஒருநாள் மட்டும்தானா? கேட்கவில்லை. அவர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, "நீர் முதல் போடும்" என்றார்.

இப்போது அக்கா மேற்கே ஒரு முகாமில் இருக்கிறார். நாங்கள் பிக்கரிங்கில் வீடு எடுத்து வந்துவிட்டோம். எப்போதாவது வாழ்த்து அனுப்புவார், அவ்வளவுதான். அன்ரி மட்டும் வாரம் தவறாமல் எடுப்பார். கோயிலிலும் கலியாண வீட்டிலும் அவர் சொல்கிற கதையை நான் பலதரம் கேட்டிருக்கிறேன்: "தலைவர் எங்கட வீட்டுக்குத்தான் எடுக்க இருந்தவர். நேரமில்லாமல் போட்டுது, பாவம்." நான் தலையாட்டுவேன்.

போன ஞாயிறு அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு நல்ல தாளும் கடித உறையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"தலைவருக்கு ஒரு கடிதம் எழுதித் தா பிள்ளை. அண்டைக்கு உங்களுக்கு நேரம் கிடைக்கேல்லை, குறை நினைக்கேல்லை, நான் இப்ப வீட்டிலதான் இருக்கிறன், வசதியான நேரம் எடுக்கலாம் எண்டு."

"அவருக்கு எத்தினை வேலை அன்ரி..."

"எடுக்காட்டியும் பரவாயில்லை. ஒண்டு சொல்லோணும். என்ர பிள்ளை ஆருக்கும் குடுத்துக் குடுத்தே பழகினவள். அவளை இருத்தி ஒருத்தர் சாப்பாடு போட்டவர். அதுக்கு நான் நன்றி சொல்லேல்லை. அவள் இந்தக் கிறிஸ்மசுக்கு வாறாள். பதில் வந்தா அவளுக்குக் காட்டலாம். அதுவரைக்கும் அவளுக்குச் சொல்லிப்போடாதை."

கணவரிடம் கேட்டேன். "எழுதிக் குடும். தபாலில போடுறன் எண்டு வாங்கி, போடாமல் விடும்" என்றார். அது மூன்றாவது பொய்யாகிவிடும். எழுதி மெய்யாகவே அனுப்பினால், தலைவரின் கந்தோரில் யாராவது தேடிப் பார்த்து, அன்றைக்கு அழைப்பு நடந்தது, உங்கள் மகள்தான் வேண்டாம் என்றார் என்று பதில் போட்டால்? உண்மையை நானே சொன்னால், மகள் தன்னை விட்டுக்கொடுத்தாள் என்பதோடு, தனக்குப் பயந்துதான் விட்டுக்கொடுத்தாள் என்பதும் அன்ரிக்குத் தெரிந்துவிடும். அன்று சேலை கட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? முதலில் அக்காவிடம் சொல்லலாமா? அப்படியென்றால் அம்மா காத்திருந்தார் என்று சொல்லவேண்டும். அதை அக்கா இன்றுவரை அறியமாட்டார்.

"மதிப்புக்குரிய ஐயா" வரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே பேனா போகவில்லை. இதைப் படிக்கிறவர்களில் இப்படி இரண்டு பேருக்கு நடுவே நின்று பழகியவர்கள் இருப்பீர்கள். யாரிடம் முதலில் சொல்வது, அல்லது சொல்லாமலே விடுவதா என்று தயவுசெய்து எழுதி அறிவியுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு அன்ரி வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.